பழைய டெஸ்க்டாப்புக்கு விர்ச்சுவல் மெஷின் கட்டாயமில்லை

நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற பழைய இயங்குதளத்தின் பாணி டெஸ்க்டாப்பை லினக்ஸில் ஒரு ஜன்னலுக்குள் ஓட்ட விர்ச்சுவல் மெஷினும் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) தனி இயங்குதளமும் தேவை என்று ஒரு கருத்து பகிரப்படுகிறது. மன்னிக்கவும், அது சரியல்ல.

ஸெஃபிர் (Xephyr) என்பது ஒரு எக்ஸ் சர்வர், அதாவது லினக்ஸில் நிரல்களின் ஜன்னல்களைத் திரையில் காட்டும் மென்பொருள். தன் திரையைச் சாதாரண ஜன்னலாகக் காட்டும், அவ்வளவுதான். அதற்குள் விண்டோ மேக்கர் என்ற ஜன்னல் மேலாளரை (ஜன்னல்களின் தோற்றத்தையும் இடத்தையும் கவனிக்கும் நிரல்) ஓட்டினால், 1989-இல் வந்த நெக்ஸ்ட்ஸ்டெப்பின் சாம்பல் நிறப் பட்டைகளும் ஓரத்து ஐகான்களும் கண்முன் வந்துவிடும். அந்த அழகுக்கு இன்றும் ஈடில்லை என்பது என் எண்ணம். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் பயன்படுத்துபவர்களும், அதில் எக்ஸ் நிரல்களை ஓட்ட உதவும் எக்ஸ்வேலண்ட் வழியாக இதைச் செய்யலாம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஸெஃபிரை :1 என்ற எண்ணோடு தொடங்கி, வேறொரு டெர்மினலில் எந்தத் திரையில் தோன்ற வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் டிஸ்ப்ளே (DISPLAY) மாறிக்கு அதே :1-ஐக் கொடுத்து விண்டோ மேக்கரை இயக்குங்கள். உள்ளே ஒரு டெர்மினலைத் திறந்து 'யூநேம் -ஆர்' (uname -r) கட்டளையைக் கொடுங்கள். வெளியே வரும் அதே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிப்பு எண்தான் அங்கும் வரும். விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் அதற்கென்று தனிக் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் ஹோம் கோப்புறையும் அப்படியே உள்ளே தெரியும். ஆகவே அங்கே அழிக்கும் கோப்பு உண்மையாகவே அழிந்துவிடும், கவனம்.