ஐந்தாவது காட்சியை எடுத்துவிடுங்கள்

டிசம்பர் வந்தால் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் (ஐ.எஃப்.எஃப்.கே.) அட்டவணையைப் பார்த்தே பாதிப் பேருக்கு வயிறு நிறைந்துவிடும். பெரும்பாலான திரைகளில் நாளுக்கு ஐந்து படம். யாருடைய இலையில் சோறு விழவில்லை என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். படம் முடிந்ததும் இயக்குநரோடு பேசக் கிடைக்கும் இருபது நிமிடம்தான் அது.

ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கம். படம் இரண்டு மணி நேரம். முன்னால் அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம், பின்னால் கேள்வி பதிலுக்கு இருபது. கூட்டம் வெளியேறப் பத்து, அடுத்த கூட்டம் அட்டையைக் காட்டி உள்ளே வந்து உட்காரப் பதினைந்து. மொத்தம் 170 நிமிடம். காலை 9 மணிக்குத் தொடங்கினால் ஐந்தாவது படத்துக்கான வேலை முடிய இரவு 11.10 ஆகும். அதுவும் எல்லாப் படமும் 120 நிமிடமாக இருந்து, எதுவும் கெடாமல், ஆபரேட்டர் சாப்பிடாமல் இருந்தால். நிஜத்தில் படங்கள் 140 நிமிடம் ஓடும், ஏதாவது கெடும், ஆபரேட்டருக்கும் பசிக்கும்.

படத்தின் நீளத்தைக் குறைக்க முடியாது. அடுத்த காட்சிக்கு வெளியே வெயிலில் வரிசை நிற்கிறது, அதைத் தள்ளவும் முடியாது. ஆகவே எங்கே பத்து நிமிடம் பிசகினாலும் வெட்டு விழுவது கேள்வி பதிலில்தான். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டுமேயானது இந்த விழாவின் போட்டிப் பிரிவு. அர்ஜென்டினாவிலிருந்து விமானம் மாறி மாறி வந்த மனிதரை மேடையில் நிறுத்தி, ‘நேரமில்லை, ஒரே ஒரு கேள்வி’ என்று சொல்வதற்கு விமானச் செலவு எதற்கு? படம் ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு தளத்தில் வந்துவிடலாம். அந்த ஆள் வரமாட்டார்.

அந்தப் பத்து நிமிடம் எங்கே பிசகுகிறது? வரிசையைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். எனக்கென்னவோ பெரும்பகுதி புரொஜெக்டர் அறையில்தான் போகிறது.

இப்போது படம் வருவது டிசிபி என்ற திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதியாக, ஹார்டு டிஸ்கில். முழுநீளப் படம் நூறு, இருநூறு ஜிபி வரை போகும். சர்வரில் ஏற்றவே சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஏற்றினாலும் பூட்டியிருக்கும். திறக்க கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நாள், மணிக்குள் மட்டும் வேலை செய்யும். கடைசி நேரத்தில் படத்தை ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு மாற்றினால் பழைய சாவி செல்லாது. பழுதுபார்த்தபோது சர்வரின் உள் பலகையை மாற்றியிருந்தாலும் செல்லாது.

இன்னொரு வலை நேர மண்டலம். சாவி ‘9 மணி முதல்’ என்று வரும். எந்த ஊர் 9 மணி என்று யாரும் பார்ப்பதில்லை. அது சர்வதேசப் பொது நேரமாக இருந்தால் நமக்குப் பிற்பகல் 2.30. காலைக் காட்சிக்கு ஐந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், படம் திறக்காது. ஐரோப்பிய விநியோகஸ்தரைக் கூப்பிடலாம் என்றால் அவருக்கு அப்போது விடிந்திருக்காது.

சப்டைட்டிலிலும் இதே சங்கதிதான். ஆங்கில வரிகள் பல சமயம் தனிப் பொட்டலமாக, வெர்ஷன் ஃபைலாக வரும். மூலப் பிரதியும் சர்வரில் இருந்தால்தான் அது ஓடும். சாவியும் பிரதிவாரியாக வரும். வரிகள் இல்லாத பிரதிக்கு வந்த சாவி, வரிகள் உள்ள பிரதியைத் திறக்காது. பாரசீகப் படம் வரிகளில்லாமல் ஐந்து நிமிடம் ஓடி, கூச்சல் கிளம்பி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போடுவது இப்படித்தான்.

பழைய படங்களை மீட்டெடுத்துப் போடும் பிரிவில் வேறு கூத்து. அந்தச் சட்டகம் ஏறக்குறைய சதுரம், 1.37க்கு 1. அது ஃப்ளாட் என்ற அகலமான அமைப்புக்குள் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும். முந்தைய படத்துக்குப் போட்ட, இன்னும் அகலமான ஸ்கோப் அமைப்பின் பொத்தானை மாற்றாமல் விட்டால் மேலே தலையும் கீழே சப்டைட்டிலும் திரைக்கு வெளியே போய்விடும்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். முந்தைய நாள் இரவே ஒவ்வொரு படத்திலும் மூன்று இடம் ஓட்டிப் பார்ப்பது: முதல் இரண்டு நிமிடம், நடுவில் வசனம் வரும் ஒரு நிமிடம், கடைசி நிமிடம். சாவி திறக்கிறதா, வரிகள் வருகின்றனவா, சட்டகம் சரியா, ஒலி எல்லா ஸ்பீக்கரிலும் வருகிறதா என்று தெரிந்துவிடும். படத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதற்கு இரவில் திரை காலியாக இருக்க வேண்டுமே! ஐந்தாவது காட்சி முடியும்போது மணி பதினொன்று தாண்டிவிடுகிறது.

ஆக, நான்கு காட்சி போதும். 9.30, 12.45, 4.00, 7.15. ஒவ்வொன்றுக்கும் மூன்றே கால் மணி நேரம். இரவு பத்தரைக்குள் அரங்கு காலி, அதன்பின் சோதனை. எல்லாத் திரையிலும் வேண்டாம், விருந்தினர் வரும் படங்களை டாகூர், கைரளி அரங்குகள் மாதிரி இரண்டு மூன்று இடங்களில் குவித்துவிட்டு, அங்கே மட்டும் நான்காக்கலாம். மற்ற திரைகளில் ஐந்தே ஓடட்டும். படங்கள் குறையும் என்பார்கள். மூன்று முறை போடும் படத்தை இரண்டு முறை போட்டால் தலைப்புகள் அப்படியே இருக்கும். முன்பதிவில் அடிதடி கூடும், அது உண்மை. இந்த யோசனைக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே எதிர்வாதமும் அதுதான். ஆனால் 2018 வெள்ளத்துக்குப் பிறகு அரசுப் பணம் இல்லாமல், பதிவு செய்து படம் பார்க்க வருகிற பிரதிநிதிகளின் கட்டணத்தை 2000 ரூபாயாக்கி விழாவை நடத்திக்காட்டியவர்களுக்கு இது மலையைப் புரட்டும் வேலையில்லை.

நேரம் கிடைத்தால் மட்டும் போதாது, அதைக் கையாளத் தெரிய வேண்டும். நெறியாளர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் கையேட்டில் உள்ள சுருக்கத்தை மேடையில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கே கதைச்சுருக்கம்! முதல் கேள்வியை நெறியாளரே கேட்கட்டும், ஒரு குறிப்பிட்ட ஷாட்டைப் பற்றி. ‘இந்தக் கரு எப்படி உதித்தது’ என்று கேட்டால், பத்து ஊரில் சொன்ன பதிலைப் பதினோராவது ஊரிலும் சொல்வார். ‘கிணற்றடிக் காட்சியில் கேமரா ஏன் வாசலைத் தாண்டவில்லை’ என்றால் யோசித்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும். அதன்பின் கூட்டத்தின் கேள்விகளும் தரையில் கால் ஊன்றி வரும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் இருபது நிமிடம் என்பது பத்து நிமிடம்தான், எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டுமே. மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி இயக்குநரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். நான்கு நிமிடம் பேசவிட்டால், கைகளை ஆட்டி ஆட்டிப் பேசியது எல்லாம் ‘படப்பிடிப்பு கடினமாக இருந்தது’ என்று ஒரே வரியில் வந்து விழும்.

மைக் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெரும்பாலான கேள்வி பதில்கள் கெடுவது அங்கேதான். இரண்டு கம்பியில்லா மைக், இரண்டு தொண்டர்கள். மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்கக் கூடாது, தொண்டரே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொடுத்தால் போச்சு. கேரளக் கூட்டத்தின் அழகே அதன் அரசியல் சூடுதான், ஆனால் கையில் மைக் ஏறினால் கேள்விக்கு முன்னால் உலக வரலாறு வரும். முதல் ஆள் பேசும்போதே இரண்டாவது மைக் அடுத்த ஆளிடம் போய் நிற்க வேண்டும். மேடையில் நாற்காலி வேண்டாம், போட்டு எடுப்பதிலேயே நான்கு நிமிடம் போகும், நின்றுகொண்டு பேசட்டும். எழுத்துகள் ஓடி முடியும்வரை கதவைத் திறக்க வேண்டாம். விளக்கையும் பாதிதான் ஏற்ற வேண்டும், முழு வெளிச்சம் வந்தால் கூட்டம் தானாக எழுந்துவிடும்.

கருத்தரங்குகளின் நோய் வேறு. ஒரு மணி நேரம், மேடையில் ஐந்து பேர். வரவேற்பும் நினைவுப் பரிசும் பத்து நிமிடம். ஆளுக்கு எட்டு நிமிடத் தொடக்கவுரை, அது நாற்பது. மீதிப் பத்தில் விவாதம் எங்கே முளைக்கும்? மூன்று பேர் போதும். தொடக்கவுரையே கூடாது. யார் யாரோடு எதில் முரண்படுவார் என்று நெறியாளர் முந்தைய நாளே ஆளுக்கு இருபது நிமிடம் தொலைபேசியில் பேசித் தெரிந்துகொண்டு, நேராக அந்த முரணிலிருந்து தொடங்கட்டும். இயக்குநர் ஜி. அரவிந்தன் நினைவுப் பேருரை போன்றவை வேறு வகை, அங்கே ஒருவர் பேசத்தான் வேண்டும். ஓபன் ஃபோரம் என்ற விழாவின் திறந்த விவாத மேடைக்கு அந்த வடிவம் ஒத்துவராது.

இன்னொன்று. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களை, ஒளிப்பதிவுச் சட்டம் பிரிவு 9ன் கீழ் விலக்கு வாங்கித்தான் விழாக்களில் போடுகிறார்கள். அதனால் பதிவு செய்த பிரதிநிதிகள் மட்டும்தான் பார்க்கலாம், வெளியாட்களுக்கு டிக்கெட் விற்க முடியாது. பேச்சுக்குத் தணிக்கைச் சான்றிதழ் ஏதும் கிடையாதே! ஊர்க்காரர், கல்லூரிப் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும். சென்னை உட்பட எந்த ஊர் விழாவுக்கும் இது பொருந்தும்.

ஜப்பானில் யமகாட்டா ஆவணப்பட விழா 1989 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அங்கே அரங்கில் நேரம் முடிந்தால் பேச்சு முகப்புக் கூடத்துக்கு நகர்ந்துவிடும். இரவில் கோமியான் கிளப் என்று ஓர் இடம் இருந்தது. பழைய ஊறுகாய் வியாபாரியின் கட்டடத்தில், இயக்குநரும் பார்வையாளரும் ஒரே தரையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுவார்கள். அந்தக் கடையே 2020ல் மூடப்பட்டுவிட்டது. திருவனந்தபுரத்தில் டாகூர் வளாகத்து மரத்தடிகளே அந்த வேலையை ஓரளவு செய்கின்றன, யாரும் ஏற்பாடு செய்யாமலே.

நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலேறிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விருந்தினர் தன் படத்தின் எல்லாக் காட்சிக்கும் வரமாட்டார், பெரும்பாலும் முதல் இரண்டுக்குத்தான், அதனால் மூன்றாவது காட்சிக்கு ஒத்திப்போடாதீர்கள். தம்பானூர் அரங்குகளுக்கும் வழுதக்காடு டாகூருக்கும் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர், பதினைந்து நிமிட இடைவெளியில் ஓடிப் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். உள்ளே போனதும் நடுவரிசையில் நடைபாதை ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள். மைக் நடைபாதையை விட்டு உள்ளே வராது.