அப்பாவின் ரிப்போர்ட்டை நான் பார்க்கக் கூடாதா?

அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு ஆஸ்பத்திரியின் மொபைல் ஆப்பில் வந்துவிட்டது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு 1.6 என்று சிவப்பில் காட்டுகிறது. வார்டில் சிஸ்டரிடம் கேட்டால், "இதையெல்லாம் நீங்க ஏன் பாக்குறீங்க? டாக்டர் வந்து சொல்வார்" என்று முகம் சுளிக்கிறார். பார்க்கத்தானே அனுப்பினீர்கள்?

பதிவு செய்யும் கவுண்டரில் மட்டும், 14 இலக்க ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) எடுங்கள், மருத்துவப் பதிவெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கும் என்று ஒரே நச்சரிப்பு. வார்டுக்குள் வந்தால் கேஸ் ஷீட்டைத் தொடக்கூட விடுவதில்லை.

சரி, சிஸ்டர்கள் நிலைமையும் கஷ்டம்தான். முடிவை விளக்குவது டாக்டர் வேலை; வாய்விட்டால் சிஸ்டர் தலைதான் உருளும். கூகுளில் தேடிப் பதறி வருகிற எல்லோருக்கும் பதில் சொல்லவும் நேரமில்லை. அதற்காக, கேட்டவனைத் திருடனைப் போலப் பார்க்கணுமா? "டாக்டரிடம் கேட்டுச் சொல்றேன்" என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?