எதிரி நாட்டு எம்பசிக்குத்தான் காவல் வேண்டும்

2024 டிசம்பரில் திரிபுராவின் அகர்தலாவில் வங்கதேசத் துணைத் தூதரகத்தை உடைத்த வீடியோவுக்குக் கைத்தட்டியவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தத் துணைத் தூதரகத்துக்குள் கும்பல் புகுந்து கொடியை இறக்கி, கையில் கிடைத்ததை உடைத்ததில் என்ன வீரம் இருக்கிறது? நம் வெளியுறவு அமைச்சகமே அன்றைக்கே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துவிட்டது. தூதரகங்களை எந்தச் சூழ்நிலையிலும் குறிவைக்கக் கூடாது என்றும் சொன்னது. அரசாங்கத்துக்கு வந்த வருத்தம் உங்களுக்கு ஏன் வரவில்லை?

2023 மார்ச்சில் லண்டனில் நம் ஹை கமிஷன் (தூதரகம்) மாடியில் ஏறி மூவர்ணக் கொடியைப் பிடுங்கினார்களே, அன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது! பிரிட்டன் போலீஸ் எங்கே போனது என்று கேட்டீர்கள். நானும் கேட்டேன். நியாயமான கேள்வி. அதே கேள்வியைத் திரிபுரா போலீஸிடம் கேட்டால் மட்டும் நான் துரோகியா?

நட்பு நாட்டின் எம்பசி வாசலில் யாரும் கல்லோடு போய் நிற்பதில்லை. உறவு கெட்டுக் கிடக்கும்போதுதான் அந்தக் கட்டடத்துக்குக் காவல் வேண்டும். தூதரகங்களுக்காக நாடுகள் போட்ட 1961 வியன்னா ஒப்பந்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. உறவே முறிந்தாலும், போரே வந்தாலும் அந்தக் கட்டடத்தை மதித்துக் காப்பாற்ற வேண்டும். துணைத் தூதரகங்களுக்கு 1963-இல் தனி ஒப்பந்தமே போட்டார்கள். இரண்டிலும் இந்தியா இருக்கிறது. 1984-இல் லண்டனில் லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து சுட்டதில் ஒரு பெண் போலீஸ் செத்துப்போனார். சுட்டவன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தும் பிரிட்டன் கதவை உடைக்கவில்லை. பதினோரு நாள் சுற்றி நின்று, உறவை முறித்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்களை ஊருக்கு அனுப்பி வைத்தது. மக்கள் கொதித்தார்கள். ஆனால் லிபியத் தலைநகர் திரிப்போலியில் பிரிட்டனின் எம்பசியும் இருந்தது, அதற்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள்.

எம்பசி என்றால் கோட்டு சூட்டு போட்டவர்கள் விருந்து சாப்பிடும் இடம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வளைகுடாவில் நான் வேலை பார்த்த காலத்தில் அப்பா இறந்துபோனார். பாஸ்போர்ட் கம்பெனி கையில். சூப்பர்வைசர் நாளை, நாளை என்று இழுத்தடித்தான். கேம்ப்பில் என் அறையில் இருந்த பெங்காலி நண்பர்தான் டாக்ஸிக்குக் காசு கொடுத்து, "எம்பசிக்குப் போ" என்று தள்ளிவிட்டார். அங்கிருந்து ஒரு போன் போனது. மறுநாள் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது. அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். அந்த வாரம் அந்தக் கட்டடத்தை யாராவது அடித்து நொறுக்கிப் பூட்ட வைத்திருந்தால் நான் எங்கே போயிருப்பேன்?

"அங்கே இந்துக்களை அடிக்கிறார்களே, அப்போது எங்கே போனாய்?" என்று வருவீர்கள், தெரியும். வங்கதேசத்தில் இந்துத் துறவி சின்மோய் கிருஷ்ண தாஸ் கைதானது எனக்கும் வலிக்கிறது. அதற்காகச் சாலையில் நின்று நாள் முழுக்கக் கோஷம் போடுங்கள், நானும் வருகிறேன். கேட்டைத் தாண்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி, குல்னா, சில்ஹெட் என்று அங்கே ஐந்து ஊர்களில் நம் அலுவலகம் இருக்கிறது. அங்கே இருக்கும் நம் ஆட்களின் பாதுகாப்பை இங்கே அகர்தலாவில் வைத்து உடைத்திருக்கிறீர்கள்.

"2024 ஆகஸ்டில் டாக்காவில் நம் கலாச்சார மையத்தை எரித்தார்களே?" எரித்தார்கள். அயோக்கியத்தனம். அதைச் செய்தவர்களைப் போல நாமும் ஆகணுமா?

"ஒரு கொடிதானே" என்பவருக்குப் பதிலே கிடையாது. லண்டனில் அது ஒரு கொடிதானே என்று அவர் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விட என்னை நோகடிப்பது இது நடந்த ஊர். 1971-இல் தன் மக்கள்தொகைக்கு ஏறக்குறைய சமமான அகதிகளுக்குச் சோறு போட்ட மாநிலம் திரிபுரா. இன்றைக்கும் அங்கே எத்தனையோ இந்துக் குடும்பங்களின் பூர்வீகம் எல்லைக்கு அப்பால் கொமில்லாவில். அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தத் தாக்குதலுக்குப் பிறகு வங்கதேசம் அகர்தலாவில் விசா சேவையை நிறுத்தியது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் வேறு ஊருக்கு அலைய வேண்டியதாயிற்று. யார் பேரைச் சொல்லி உடைத்தீர்களோ அவர்கள் தலையில்தான் விழுந்தது.

ஏழு பேரைக் கைது செய்து, மூன்று சப்-இன்ஸ்பெக்டர்களை சஸ்பெண்ட் செய்ததோடு கணக்கு முடிந்ததா? ஊர்வலம் வருவது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் கேட்டில் போதுமான போலீஸ் ஏன் இல்லை? நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதனால்தான் நான் கேட்கிறேன்.

"நீ டாக்காவுக்கே போ" என்று இன்பாக்ஸில் எழுதிய அண்ணனுக்கு: உங்கள் சொந்தத் தம்பி சவூதியில் இருக்கிறான். பாஸ்போர்ட் தொலைந்தால் எந்த வாசலில் போய் நிற்பாய் என்று அவனிடமே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.