இறாலுக்கு மூன்று நிமிடம் போதும்

புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து இறால் சமைத்தேன் என்றால் என் நாத்தனார் நம்ப மாட்டேன் என்கிறார். இறால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். காலையில் வாங்கி, உட்கார்ந்து உரித்து, தொக்கு வைத்து, மதியம் மூன்று மணிக்கு இலை போடுவது. தொக்கின்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் குக்கரில் பருப்பு வேகிற நேரத்துக்குள் ஆகிவிடுகிற அயிட்டத்தை வாரம் ஒருநாளுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோமே என்றுதான் இருக்கிறது.

உரிக்கிற வேலைதான் ஆளை மிரட்டுகிறது. மீன்கடையிலேயே உரித்துத் தரச் சொல்லிவிடுங்கள், அந்தப் பத்து இருபது ரூபாயில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தலையோடு அரைக் கிலோ வாங்கினால் கடைசியில் கால் கிலோ சொச்சம்தான் தேறும். எங்கள் மூன்று பேருக்கு அது போதும். முதுகில் கறுப்பாக ஓடுவதை நரம்பு என்கிறோம், உண்மையில் அது குடல். பல்குத்தும் குச்சியால் நெம்பி இழுத்தால் நூல் மாதிரி வந்துவிடும்.

நான் செய்வது பீர்க்கங்காய் இறால். இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் சீரகம், தட்டிய பூண்டு ஏழெட்டுப் பல், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் பீர்க்கங்காய், உப்பு, மஞ்சள்தூள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம், காயே விடும். ஐந்தாறு நிமிடத்தில் காய் குழைய ஆரம்பிக்கும்போதுதான் இறால் உள்ளே போக வேண்டும், இடித்த மிளகோடு. அதுவரை கண்ணாடி மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தது ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வரும். அந்தச் சிவப்பு புதிதாக வருவதில்லை. புரதத்தோடு ஒட்டி மறைந்திருந்த நிறமி சூட்டில் விடுபட்டு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நடுத்தர இறால் என்றால் மூன்று நிமிடம். ‘ப’ மாதிரி வளைந்து, நடுவிலும் வெளுத்துவிட்டதா, அடுப்பை அணைத்துவிடுங்கள். வளையம் மாதிரி சுருண்டுவிட்டால் ரப்பர்தான். இருபது நிமிடம் மசாலாவில் கொதிக்கவிட்டுவிட்டு, ‘இறால் சரியில்லை, கடைக்காரன் ஏமாத்திட்டான்’ என்று புலம்புகிற வீடுகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது கொலஸ்ட்ரால். இந்தப் பதிவின் கீழே யாராவது கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் இறாலில் 20 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்பு ஒரு கிராம் அளவுக்குத்தான். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. கொலஸ்ட்ரால் பிரச்சினை இல்லாதவர்களுக்குத் தினமும் 300 கிராம் இறாலை ஆவியில் வேகவைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியது, நல்லது சதவீதக் கணக்கில் அதைவிட அதிகம் ஏறியது, ரத்தத்தில் இருக்கிற இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு இறங்கியது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. மற்றவர்களுக்கு என் கேள்வி ஒன்றுதான். அதே இறாலை மைதாவிலும் சோளமாவிலும் புரட்டி எண்ணெயில் பொரித்துத் தட்டில் வைத்தால் மட்டும் ஏன் யாருக்கும் கொலஸ்ட்ரால் ஞாபகம் வருவதில்லை?

போன வாரம் அம்மா வந்திருந்தார். சட்டியில் இறால் விழுந்த அடுத்த நிமிடத்திலிருந்து என் பின்னாலேயே நின்றார். “என்னடி அதுக்குள்ள அணைச்சிட்ட? பச்சை வாடை அடிக்கப்போகுது.” ஒன்றை எடுத்து ஊதிக் கையில் கொடுத்தேன். மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சப்பாத்தி போதும் என்றவர் நாலு சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது மட்டும், “ஞாயித்துக்கிழமை நான் தொக்கு வைக்கிறேன், நீ அடுப்பு பக்கம் வராதே” என்றார்.