பின் சீட்டிலிருந்து பார்த்தவர்

அரபுப் பெண் இயக்குநர்களைப் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் இரண்டாவது வரிக்குள் ஒரு வேன் வந்துவிடுகிறது. ஹைஃபா அல் மன்சூர் 'வஜ்தா' படத்தை ரியாத் தெருக்களில் எடுத்தபோது, ஆண்களோடு வெளியே நின்று வேலை செய்ய வழியில்லாமல், வேனுக்குள் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்தபடி வாக்கி டாக்கியில் இயக்கினார். உண்மைதான். 2012இல் வந்த அந்தப் படம்தான் முழுக்க முழுக்க சவுதியிலேயே எடுக்கப்பட்ட முதல் கதைப்படம். அன்றைக்கு அங்கே சினிமா தியேட்டருக்குத் தடை. 2018இல்தான் திறந்தார்கள்.

ஆனால் நாம் வேனோடு நின்றுவிடுகிறோம். "பாவம், அந்த ஊர்லயே ஒரு பொண்ணு படம் எடுத்திருக்கே" என்று ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பெண் என்ன பார்த்தார், எதைக் காட்டினார் என்ற பேச்சே வருவதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது. அதற்கு வீட்டுக் காரணம் ஒன்று இருக்கிறது.

எங்கள் அத்தா ரியாத்தில் 14 வருடம் ஹவுஸ் டிரைவராக இருந்தவர். 2018 ஜூன் வரை சவுதியில் பெண்கள் கார் ஓட்ட முடியாது. அதனால்தான் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் அந்த வேலைக்குப் போனார்கள். ஊருக்கு வந்தால் வெயிலைப் பற்றிச் சொல்வார், ரோட்டைப் பற்றிச் சொல்வார். வேலை பார்த்த வீட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார்.

போன ரமலானுக்கு முன்னால் 'வஜ்தா'வை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி பச்சை நிற சைக்கிள் ஒன்றுக்கு ஆசைப்படுகிறாள். பணத்துக்காக குர்ஆன் ஓதும் போட்டியில் சேருகிறாள். கதை அவ்வளவுதான். அவளுடைய உம்மாவை வேலைக்கு அழைத்துப்போக இக்பால் என்று ஒரு வெளிநாட்டு டிரைவர் வருவார். லேட்டானால் கத்துவார், ஒருநாள் இனி வரமாட்டேன் என்று போய்விடுவார். வஜ்தாவும் அவளுடைய கூட்டாளி அப்துல்லாவும் அவர் தங்கியிருக்கும் இடத்துக்கே தேடிப் போகிறார்கள். அந்தப் பொடியன், தன் மாமாவின் செல்வாக்கைச் சொல்லி, ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று அந்த வளர்ந்த மனிதரை மிரட்டுகிறான்.

அத்தா படத்தை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "இந்தப் பையன் வயசுதான் இருக்கும்மா. என்கிட்டயும் ஒருத்தன் இப்படிச் சொல்லியிருக்கான். உன் இகாமா எங்க வாப்பா கையில இருக்குன்னு" என்றார். இகாமா என்றால் அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி. அத்தனை வருடத்தில் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உம்மாவிடம்கூட.

படம் ஒரு சவுதிச் சிறுமியின் சைக்கிளைப் பற்றியது. டிரைவரை வெறும் முசுடாகக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. ஆனால் காலமெல்லாம் பின் சீட்டில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் யார் தயவில் அங்கே இருக்கிறான் என்பது தெரிந்திருக்கிறது. வாய்விட்டு மிரட்டக்கூட அந்தச் சிறுமிக்கு ஒரு பையன் தேவைப்படுகிறான் என்பதும் அதே காட்சியில் இருக்கிறது. இதைப் பார்த்த கண்ணைப் பாராட்டாமல் வேனைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சினிமா எடுக்கும் அரபுப் பெண்கள் நேற்று முளைத்தவர்கள் கிடையாது. எகிப்தில் அஸீஸா அமீர் 1927லேயே 'லைலா' என்ற மௌனப் படத்தைத் தயாரித்து நடித்தவர். லெபனானின் ஹைனி ஸ்ரூர், ஓமானின் தோஃபார் மலைகளில் நடந்த போராட்டத்தைப் படமாக்க, குண்டு விழுந்துகொண்டிருந்த இடத்தில் சின்னக் குழுவோடு கேமராவைச் சுமந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார். அந்தப் படம் 1974இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போனது.

எனக்கு எல்லோரையும்விட நெருக்கமானவர் துனிசியாவின் முஃபிதா தலாட்லி. பாரிஸில் படித்துவிட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் எடிட்டர். அரபு சினிமாவின் பெரிய படங்கள் பலவற்றை வெட்டி ஒட்டியது அவர் கைதான். போஸ்டரில் பெயர் இயக்குநருக்கு. இடையில் அவருடைய தாயார் நோயில் விழுந்து பேச்சையே இழந்துவிட, கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். கேட்காமலே விட்ட கேள்விகள் எல்லாம் சேர்ந்துதான் 1994இல் 'தி சைலன்ஸஸ் ஆஃப் தி பேலஸ்' படம். அப்போது அவருக்கு 47 வயது. அரண்மனையில் வேலைக்காரியாக இருந்த ஒரு தாய், அங்கேயே பிறந்து வளர்ந்த அலியா என்ற மகள். மேலே விருந்தும் பாட்டும் நடக்கும். கீழே சமையலறையில் பெண்கள் பேசிக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருப்பார்கள். மேலே போனவள் திரும்பி வந்ததும் பேச்சு சட்டென்று நிற்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த அமைதியை எங்கே ஆரம்பித்து எங்கே வெட்ட வேண்டும் என்பது, இருபது வருடம் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் அப்படி வரும்.

அதில் சிறுமி அலியாவாக அறிமுகமானவர் ஹிந்த் சப்ரி. 29 வருடம் கழித்து, அதே துனிசியாவின் கவ்தர் பென் ஹனியா எடுத்த 'ஃபோர் டாட்டர்ஸ்' ஆவணப்படத்தில் அதே ஹிந்த், தாய் வேடத்தில். உல்ஃபா என்ற உண்மையான தாய்; நான்கு மகள்களில் மூத்தவர்கள் இரண்டு பேர் ஐஎஸ் இயக்கத்தில் சேர்ந்து லிபியாவுக்குப் போய்விட்டார்கள். தாயும் மிச்சமிருக்கும் இரண்டு மகள்களும் தாங்களாகவே நடிக்கிறார்கள். போன இருவருக்கும் பதிலாக நடிகைகள். உல்ஃபாவால் தாங்க முடியாத இடங்களில் அவருக்குப் பதிலாக ஹிந்த். பக்கத்தில் நின்று பார்க்கும் உல்ஃபா, அந்தப் பெரிய நட்சத்திரத்தையே திருத்துகிறார். இந்தத் தாய் ஒன்றும் உத்தமி இல்லை, மகள்களை அடித்தவர். அதையும் மறைக்கவில்லை. பரிதாபத்துக்குக் காத்திருக்கும் நம் மாதிரி ஆட்களுக்கு அந்தப் படம் இடமே தருவதில்லை.

சரி, இந்தப் படங்கள் பலவற்றுக்கும் பணம் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. 'வஜ்தா'வுக்கும் ஜெர்மன் தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். அதனால் இது வெள்ளைக்காரனுக்காக எடுத்த படம் என்று நம் ஆட்களே சிலர் ஒதுக்குவதையும் பார்க்கிறேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், தப்பில்லை. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இக்பாலை எந்த ஜெர்மன்காரரும் கேட்டிருக்கமாட்டார்.

அன்றைக்கு அத்தா மறுபடி படத்தைப் போடச் சொன்னார். வஜ்தா வீட்டுச் சுவரில் குடும்ப மரம் ஒன்று தொங்கும், ஆண்களின் பெயர் மட்டும்தான் அதில். அவள் தன் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குத்தி வைப்பாள். யாரோ அதைப் பிய்த்துவிடுவார்கள். அந்த இடத்தில் அத்தா, "அந்த வீட்டுல நாலு பொம்பளப் புள்ளைங்க. தினம் ஸ்கூல்ல கொண்டுபோய் விடுவேன்" என்றார். பிறகு நான்கு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.