கரண்ட் இல்லாத நாள்

மாதத்தில் ஒரு நாள் எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது. துணை மின் நிலையத்தில் பராமரிப்பு வேலை என்று முந்தின நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள், காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரைக்கும். பல்லடம், சோமனூர், கருமத்தம்பட்டி, மங்கலம் என்று இந்தப் பக்கத்து விசைத்தறி ஊர்களில் இருந்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். ராத்திரி பகல் பார்க்காமல் டடக் டடக் என்று ஓடுகிற தறி அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். முதல் அஞ்சு நிமிஷம் காது அடைத்த மாதிரி இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும், காக்கா கத்துவது, பைப்பில் தண்ணி சொட்டுவது, நாலு வீடு தள்ளி யாரோ அம்மியில் அரைப்பது. யார் வீட்டில் சண்டை என்பதும் அன்றைக்குத்தான் கேட்கும்.

மற்ற நாளில் தெரியாதா என்றால், தெரியும். காதால் கேட்கவில்லை என்பதால் தெரியாத மாதிரி இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

நான் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன், 17 வருஷமாக. இந்தத் தெருவில் இருக்கும் பெண்கள் முக்கால்வாசிப் பேருடைய அளவு என் நோட்டில் இருக்கிறது. யாருக்கு உடம்பு இளைத்தது, யார் திடீரென்று கை நீளமாக வைக்கச் சொல்கிறாள், எதை மறைக்க வைக்கச் சொல்கிறாள் என்பதெல்லாம் தைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டோம். "அது அவங்க வீட்டு விஷயம்." இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பேரைச் சொல்ல மாட்டேன், ஊரையும் சொல்ல மாட்டேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன் என்றாலும் ஒன்றிரண்டு விவரத்தை மாற்றியிருக்கிறேன். இந்த மாதிரிக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியே விடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது, அதனால் யாரென்று புரிந்துவிட்டவர்களும் தயவுசெய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். 12 மணி நேர ஷிப்ட். வைத்தியத்துக்கு, காதுகுத்துக்கு என்று தறிக்காரரிடம் வாங்கின முன்பணம் கழியவே கழியாது, வேறு பட்டறைக்குப் போக வேண்டும் என்றால் அதைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அம்மா அதே பட்டறையில் தார் சுற்றுகிறார், அதாவது தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. சனிக்கிழமை கூலி. சனிக்கிழமை பொழுதோட டாஸ்மாக். ராத்திரி அடி. இதை நான் விவரித்து எழுத வேண்டியதில்லை, இதைப் படிக்கிற பாதிப்பேர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு வீடு இருக்கும்.

அவள் ஏழாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை பழைய பேப்பரில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள். "அக்கா, இந்த அருவாமனை இங்க இருக்கட்டுங்க்கா, நாளைக்கு வெடியால வந்து வாங்கிக்கறேன்." நான் சரி கண்ணு என்று வாங்கி மெஷினுக்கு அடியில் வைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது, சனிக்கிழமை வரும், ஞாயிற்றுக்கிழமை காலையில் போகும். சில வாரம் கூடவே ஒரு சின்னக் கத்தியும் வரும். நாலு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்திருக்கிறது. ஏன் கண்ணு என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

துணிச்சலான பெண் என்றால் நமக்கு மேடையில் பேசுகிற பெண் ஞாபகம் வரும், புல்லட் ஓட்டுகிற பெண் ஞாபகம் வரும். 12 வயதுப் பிள்ளை ஒன்று, கூலி நாளுக்கு முன்னால் வீட்டில் கூரான சாமான் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்து, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எல்லாம் நாலு வீடு தள்ளி வந்து ஒளித்து வைக்கிறதே, அதற்கு நாம் என்ன பேர் வைத்திருக்கிறோம்? "அடக்கமான புள்ள" என்று வைத்திருந்தோம். ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை அடக்கமாக இருக்கவில்லை. எந்த நேரத்தில் எது நடக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. பயந்துபோன பிள்ளையைப் பார்த்து அடக்கம் என்று மெச்சிக்கொள்வதை நாம் முதலில் நிறுத்த வேண்டும்.

போன வருஷம் ஆடி மாசம். பிள்ளை பத்தாவது முடித்து பதினொன்றாவது போய்க்கொண்டிருக்கிறாள், 16 வயது. அவளுடைய அம்மா ஒரு பட்டுச்சேலை ஜாக்கெட் துணியோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம், குலதெய்வம் கோயிலில் வெடியக்காலம், பத்திரிகை அடிக்கவில்லை. மாப்பிள்ளை, அவளுடைய அப்பாவின் அக்கா மகன், வயது 29. அந்த அத்தைதான் முன்பணத்தைக் கட்டி அவரை அந்தப் பட்டறையிலிருந்து விடுவித்தவர். கணக்கு எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தம்மா சொன்னார், "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தெச்சுருங்க்கா, வளர்ற புள்ள, போட்டுக்க ஆகோணுமில்ல." எல்லாரும் சொல்வதுதான். ஆனால் வளர்கிற பிள்ளை என்று வாய் சொல்கிறது, கை கல்யாண ஜாக்கெட்டை நீட்டுகிறது, எனக்கு டேப்பைப் பிடித்திருந்த விரல் நின்றுவிட்டது. முதுகு அளவுக்குத் திரும்பி நின்றவள், அம்மா வாசலுக்குப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அளவைத் தப்பா எழுதிக்கிறீங்களா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா அம்மா நல்லதுக்குத்தான் கண்ணு செய்வாங்க." சொல்லிவிட்டு அளவைச் சரியாகவே எழுதினேன்.

எங்கள் அமுச்சிக்கு, அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, 13 வயதில் கல்யாணம். சாரதா சட்டம் 1930லேயே அமலுக்கு வந்து பெண்ணுக்கு 14 வயதாவது ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தது, அது எங்கள் அமுச்சியின் காட்டுவழி வரைக்கும் வந்து சேரவில்லை. 1978இல் அந்த வயது 18 ஆனது. 2006இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது, அதில் கல்யாணம் கட்டுகிற ஆம்பளைக்கும் நடத்தி வைக்கிறவருக்கும் 2 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரைக்கும் அபராதம். தெரிந்தே போய்க் கலந்துகொள்கிறவர்கள் மேலும் வழக்குப் போடலாம், அப்படியென்றால் மொய் வைத்துவிட்டு சாப்பிட்டுவிட்டு வருகிற நாமும்தான். மனைவியாகவே இருந்தாலும் 18 வயதுக்குக் கீழ் என்றால் அது பாலியல் வன்கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பே கொடுத்துவிட்டது. இவ்வளவும் எனக்கு அப்போது தெரியாது. 18க்கு முன்னால் தப்பு என்பது மட்டும் தெரியும். அது மட்டும் தெரிந்திருந்தாலே போதும், வாயைத் திறந்திருக்கலாம்.

அந்த வாரம் வியாழக்கிழமை கரண்ட் ஷட்டவுன். காலையில் 9 மணிக்குத் தறி நின்றது. என் மெஷினுக்கும் மோட்டார்தான், அதனால் நான் கொக்கி தைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் பாதிப்பேர் வாசலில்தான் இருந்தார்கள், வீட்டுக்குள் புழுக்கம். அப்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. அவளுடைய அம்மா அழுகிற சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன், இல்லை, அது அவள் குரல். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

"எனக்குக் கல்யாணம் வேண்டாம். எனக்குப் பதினாறு வயசுதான் ஆகுது. நான் படிக்கோணும்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுவில் ஒரு அடி விழுந்தது, அதுவும் கேட்டது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி அதே மூன்று வாக்கியம். வாசலில் இருந்த ஒருத்தரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. தறிக்காரர் வீட்டுப் பெரியம்மா ஒருவர்தான் எழுந்து போய் "என்னடா இது, வயசுப் புள்ள மேல கை வெக்கிற" என்று கதவைத் தட்டினார். அவர் தட்டிய பிறகுதான் எனக்கும் கால் எழுந்தது.

பின்னால் ஒரு நாள் அவளிடம் கேட்டேன், அன்றைக்கு எப்படி கண்ணு அவ்வளவு தைரியம் வந்தது என்று. அவள் சொன்னாள், "கரண்ட் இல்லாத நாளாப் பாத்துத்தானுங்க்கா பேசுனேன். பேப்பர்ல போட்டிருந்தது. மத்த நாள்ல கத்துனா யாருக்கும் கேக்காதுல்ல."

நாலு நாள் காத்திருந்திருக்கிறாள். ஆத்திரத்தில் கத்தியது இல்லை. எங்கள் எல்லாருக்கும் இருந்த ஒரே சாக்கு தறிச் சத்தம், அது இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு தெருவே சாட்சி ஆகிற மாதிரி பேசியிருக்கிறாள்.

கதவு திறந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். "போன் குடுங்க்கா" என்றாள். 1098 என்று அவளேதான் அடித்தாள், பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருந்ததாம். ராத்திரி பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, பேலன்ஸ் இல்லாத போனிலும் போகும். அந்தப் பக்கம் கேட்டதற்கெல்லாம் பேர், வயது, எந்தப் பள்ளி, எந்தத் தேதி என்று நிதானமாகச் சொன்னாள். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், அன்றைக்கு நான் செய்தது அது மட்டும்தான்.

அடுத்த நாள் மாவட்ட சமூக நல அலுவலகத்திலிருந்தும் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தும் வந்தார்கள், கூடவே ஒரு பெண் போலீஸ். குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் அவளிடம் தனியாகக் கேட்டார்கள். 18 ஆகும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று அப்பா அம்மா எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கிறேன் என்று சொன்னதால் அரசு மாணவியர் விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது பன்னிரண்டாவது. நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்தே படித்தவள் என்பதால் கல்லூரி போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். முன்னால் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்த திட்டம்தான் 2022இல் படிப்புக்கு மாறியது. மாற்றியவர்களுக்கு ஒரு கும்பிடு.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். அத்தை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு நின்றார், அப்பா மறுபடி வேறொரு பட்டறையில் முன்பணம் வாங்கிக் கட்டினார். குடி நிற்கவில்லை. தெருவில் என்னைக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று சொன்னவர்கள் உண்டு, ரெண்டு மாசத்துக்கு ஜாக்கெட் துணி வரத்தே குறைந்துபோனது. "பொம்பளப் புள்ள இப்படி வீட்டு விஷயத்தை ரோட்டுக்குக் கொண்டாந்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா" என்று என்னிடமே கேட்டார்கள். 29 வயதுக்காரன் 16 வயதுப் பிள்ளையைக் கட்ட வந்தபோது யாருக்கும் அந்த வாய் இல்லை.

அவளுடைய அம்மாவைக் குறை சொல்லி எழுத என்னால் முடியாது. 14 வயதில் தார் சுற்ற உட்கார்ந்தவர், 17இல் கல்யாணம், அடி வாங்குவதும் தறி வேலை மாதிரி ஒரு வேலை என்று பழகிப்போனவர். குடும்ப வன்முறைக்கு என்று 2005இலேயே சட்டம் இருக்கிறது, மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 என்று பெண்களுக்கு ஒரு நம்பர் இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னோம்? மூன்று மாசம் என்னோடு பேசாமல் இருந்தார். தீபாவளி முடிந்து ஒரு நாள் வந்து அந்தப் பட்டு ஜாக்கெட் துணியைத் திருப்பிக் கேட்டார். நான் வெட்டவே இல்லை, அப்படியே எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "அந்த 181ன்னு ஒண்ணு சொன்னாங்களேக்கா, அது பொம்பளைங்களுக்கா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டாரா என்று தெரியாது.

போன சனிக்கிழமை சாயந்திரம் தம்பிக்காரன் வந்தான், அவனுக்கு இப்போது 9 வயது. கையில் பழைய பேப்பரில் சுற்றின அருவாமனை. அக்கா விடுதிக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், சனிக்கிழமை மறக்காமல் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று. நான் அதை வாங்கி மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டு, அவனை உட்கார வைத்து, "அப்பா வந்துட்டாராடா? அம்மா எங்க இருக்குது? இன்னைக்கு என்ன நடந்துது சொல்லு சாமி" என்று கேட்டேன். அரிசியும் பருப்பும் சோறு ரெண்டு வட்டல் போட்டு வைத்தேன். அவன் சொல்லச் சொல்லத் தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.