கடைசி ஆள் வந்தாச்சா?

சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை உச்சியில் குழுவாகப் படம் எடுக்க நின்றபோதுதான் தலையை எண்ணினோம். ஏறத் தொடங்கியது 14 பேர். படத்துக்கு நின்றது 12 பேர்.

ஆச்சியைக் காணோம். அவருடைய பேரனையும் காணோம், 11 வயதுப் பையன். கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டால் ஆளுக்கு ஓர் இடம் சொல்கிறார்கள். ஒருத்தர் அந்தப் பாறைச் சரிவில் என்கிறார், இன்னொருத்தர் இல்லையே, அதற்கப்புறமும் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டதே என்கிறார். உண்மை என்னவென்றால், முக்கால் மணி நேரமாக எங்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்கிற நினைப்பு மட்டும்தான் எனக்கு.

ஒரு மணி நேரம் தேடினோம். கொடுங்குன்றநாதர் கோயிலைத் தாண்டி மேலே தர்காவுக்குப் போகிற வழியில் ஓர் இடத்தில் தடம் இரண்டாகப் பிரிகிறது. பையன் இடது பக்கம் திரும்பியிருக்கிறான், ஏனென்றால் அதுதான் நல்ல வழி மாதிரித் தெரிந்திருக்கிறது. தேடிப் போனபோது நானும் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அது ஆட்டுத் தடம். ஆடுகள் தினமும் போய்வருவதால் மண் தேய்ந்து வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், எப்போதாவது மனுஷன் போகிற வழியைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் அது எங்கேயும் போய்ச் சேராது. மேய்ச்சல் இருக்கிற இடம் வந்ததும் நாலாகப் பிரிந்து புதருக்குள் போய்விடும்.

ஆச்சி ஒரு மர நிழலில் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த சிவப்புத் துண்டை வெளியே தெரிகிற மாதிரி ஒரு கிளையில் கட்டியிருந்தார், அதைப் பார்த்துத்தான் நாங்கள் போனோம். பாட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது, பையனுக்கென்று வைத்திருந்திருக்கிறார். "வழி தப்பிருச்சுன்னு தெரிஞ்சதும் அசையலப்பா, நான் ஒரு பக்கம் போயி நீங்க ஒரு பக்கம் தேடுனா எப்படிக் கிடைப்பேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கூட்டமாக நடப்பது நம் ஊர்ப்பக்கம் யாருக்கும் புதிது இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாகப் போகிறது. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடந்து பாதம் கொப்பளித்த ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு. நானும் 12 வயதில் அப்பச்சியோடு நடந்தவன்தான். ஆனால் ரொம்ப யோசித்த பிறகு எனக்குப் பட்டது, அந்தப் பழக்கம்தான் மலையில் நம்மை ஏமாற்றுகிறது. பாதயாத்திரையில் அவரவர் நடையில் போகலாம், வேகமாகப் போகிறவர் முன்னால் போய் மடத்தில் படுத்திருப்பார், மெதுவாக வருகிறவர் இருட்டிய பிறகு வந்து சேர்வார், ஒன்றும் ஆகாது. தார் ரோடு ஒன்றுதான், முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கில் ஜனம், வழியெல்லாம் அன்னதானப் பந்தல், மோர், சுக்குக் காப்பி. வழி தப்ப வேண்டும் என்று நினைத்தாலும் தப்ப முடியாது. மலையில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே போய் "அவங்கவங்க நடைக்கு வரட்டும், மேலே பார்த்துக்கலாம்" என்று சொல்வது, பின்னால் வருகிறவரைத் தனியாக விட்டுவிட்டோம் என்பதற்கு மரியாதையான பேச்சு. அன்று காலையில் அதைச் சொன்னது நான்தான்.

கூட்டம் பிரிவதும் வழி தப்புவதும் வேறு வேறு விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 14 பேரும் ஒன்றாக இருந்திருந்தால் அந்தப் பிரிவில் யாராவது ஒருத்தர் சந்தேகப்பட்டிருப்பார். தனியாக விட்டதால் 11 வயதுப் பையன் முடிவு எடுக்க வேண்டி வந்தது.

அதனால் இனிமேல் என்னோடு வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும், அவர் நடைதான் எல்லாருக்கும் நடை. வழி தெரிந்தவர் அவரோடு போகட்டும். நல்ல தெம்புள்ள ஆள் ஒருத்தர் கடைசியில் வரவேண்டும், மருந்துப் பை அவரிடம், அவருக்குப் பின்னால் ஒருத்தரும் இருக்கக் கூடாது. தடம் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, கடைசி ஆள் வந்த பிறகுதான் நகர வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, இதை நாங்கள் எல்லாருமே செய்திருக்கிறோம்: முன்னால் போனவர்கள் கால்மணி நேரம் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தர் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாமா" என்று எழுந்துவிடுவது. ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. அடுத்த ஏற்றத்தில் அவர் இன்னும் பின்தங்குவார், வெட்கப்பட்டுக்கொண்டு கூப்பிடவும் மாட்டார்.

செல்போன் இருக்கிறதே என்பீர்கள். ஆச்சியிடமும் இருந்தது, டவர்தான் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும், ஆனால் அதை வைக்கவும் பார்க்கவும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தோமா? நம் சிம்முக்கு டவர் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் 112-க்குப் போன் போகும், இதையும் யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு விசில் வாங்கியிருந்தால் போதும், மூன்று முறை விட்டு விட்டு ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். தொண்டை வற்றினால் கத்த முடியாது, விசில் ஊதலாம்.

இப்படி நடந்தால் போரடிக்கும், நேரமாகும் என்று எங்கள் குழுவிலேயே ரெண்டு தம்பிகள் சொன்னார்கள். நேரமாகும்தான். அப்படியென்றால் காலையில் அரை மணி முன்னாலேயே கிளம்புவோம், அப்போதும் முடியாவிட்டால் பாதியில் இறங்குவோம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிட முடியாது. காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து வழிகாட்டியோடு கூட்டிப்போகத் தொடங்கிவிட்டது. ஆனால் வழிகாட்டி முன்னால் நடப்பார், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டியது கூட வந்த நாம்தான்.

அடுத்த மாதம் திரும்பவும் பிரான்மலைக்குப் போகிறோம். ஆச்சியிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டார், பேரனும் வருகிறான். அவர்கள் இருவரும் முன்னால் நடப்பார்கள். கடைசியில் நான் வருகிறேன். விசில் 14 வாங்கியாகிவிட்டது, வேனில் ஏறும்போதே கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.